கம்பி வேலை பழக வருகிறவர்களை யாரிடம் விடுவது?

கான்கிரீட் கட்டடத்தில் கம்பி கட்டப் புதிதாக ஐந்தாறு இளைஞர்கள் சேர்கிறார்கள். அவர்களைப் பழக்க காண்ட்ராக்டருக்கு நான்கு வழிகள் உண்டு. மேஸ்திரியின் கீழ் ஹெல்பராகச் சேர்த்துவிடலாம். பயிற்சி நிலையத்துக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தொழிற்பழகுநர் சட்டப்படி பதிவு செய்து சைட்டிலேயே பழக்கலாம். ஐடிஐ முடித்தவர்களாகவே பார்த்து எடுக்கலாம். பெரும்பாலும் எதற்குச் செலவு குறைவோ அதுவே முடிவாகிவிடுகிறது. அப்படி முடிவெடுப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

பழக வருகிறவருக்கு மூன்று விஷயங்கள் வந்தாக வேண்டும்: அடிபடாமல் வேலை செய்வது, டிராயிங் படிப்பது, தொழிலுக்கு வேண்டிய கணக்கு. கம்பி வளைப்பதும் கட்டுவதும் கை பழகப் பழக வந்துவிடும். இந்த மூன்றும் அப்படி வருவதில்லை. ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். சொன்னது ஏறியதா என்று சோதித்தும் பார்க்க வேண்டும். ஆகவே எந்த வழி இந்த மூன்றில் எதைத் தருகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மேஸ்திரியிடம் விட்டால்

நம் ஊரில் இன்றும் பெரும்பாலான கம்பி ஆட்கள் இப்படித்தான் பழகுகிறார்கள். கம்பி வளைக்கும் சாவியை எந்த இடத்தில் பிடித்தால் கம்பி வழுக்காது, கட்டுக்கம்பியை அறுந்துவிடாமல் எந்த அளவோடு முறுக்கி நிறுத்துவது, மேட் (குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கம்பி வலை) ஆடாமல் இருக்க எந்தச் சந்திப்புகளில் திசை மாற்றிக் கட்டு போடுவது என்பதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். நல்ல மேஸ்திரியிடம் ஆறு மாதம் இருந்தவரின் கைவேகத்தை எந்த வகுப்பும் தந்துவிடாது. தனியாகச் செலவும் இல்லை. முதல் நாளிலேயே கம்பி சுமக்க ஓர் ஆள் கூடுகிறார்.

குறை என்னவென்றால், டிராயிங் மேஸ்திரியின் கையிலேயே நின்றுவிடுகிறது. "எட்டு இஞ்சுக்கு ஒண்ணு போடு தம்பி" என்ற வாய் உத்தரவுக்கே வேலை செய்து பழகியவர், ஐந்து வருடம் கழித்தும் உத்தரவுக்குத்தான் காத்திருப்பார். டிராயிங் மில்லிமீட்டரில் இருக்கும். மேஸ்திரி அடி, இஞ்ச், நூலில் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) பேசுவார். கம்பியின் தடிமனுக்கு அந்த மாற்று சரியாகவே ஓடும்: 3 நூல் என்றால் 10 மிமீ, 4 நூல் என்றால் 12, 5 நூல் 16, 6 நூல் 20. இடைவெளி என்று வரும்போதுதான் உதைக்கும். டிராயிங்கில் 190 மிமீ சி/சி (ஒரு கம்பியின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை) என்று இருப்பதை எட்டு இஞ்ச் என்று முழுசாக்கிச் சொல்லிவிடுகிறார் என்று வையுங்கள். 6 மீட்டர் ஸ்லாபுக்கு 190 மிமீ கணக்கில் 33 கம்பி வர வேண்டும். எட்டு இஞ்ச், அதாவது 203 மிமீ கணக்கில் 31 கம்பிதான் வரும். இரண்டு கம்பி குறைந்தது யார் கண்ணிலும் படாது. மேலோட்டமாகப் பார்த்தால் மேட் அழகாகத்தான் இருக்கும்.

வாய்வழிச் சூத்திரங்களிலும் இதே ஆபத்து உண்டு. "லேப் ஐம்பது டயா" (இரண்டு கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் நீளம் கம்பி விட்டத்தைப் போல் ஐம்பது மடங்கு) என்பது எல்லா சைட்டிலும் மந்திரம்போல ஓடுகிறது. எஃப்இ 500 ரகக் கம்பி, எம் 25 கிரேடு கான்கிரீட் என்றால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 கணக்குப்படி இழுவிசைக்கு வேண்டிய பிடிப்பு நீளம் சுமார் 49 டயா, மந்திரம் பலிக்கும். அதே கம்பிக்கு எம் 20 கான்கிரீட் போட்டால் 57 டயா வேண்டும். 16 மிமீ கம்பியில் அது 912 மிமீ. ஐம்பது டயா வைத்தவர் 800 மிமீயில் நிறுத்தியிருப்பார். மேஸ்திரியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவருக்குச் சொல்லித்தந்தவரும் கான்கிரீட் கிரேடைக் கேட்கச் சொல்லித்தரவில்லை. டிராயிங்கின் பொதுக் குறிப்புகளில் கிரேடு, கவர் (கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய கான்கிரீட் தடிமன்), லேப் மூன்றும் எழுதியிருக்கும். அந்தக் குறிப்புகளை முதலில் படிக்கும் பழக்கம் இல்லாதவருக்கு மந்திரம்தான் துணை.

ஒரு ரிங்கை வைத்துப் பார்ப்போம்

கணக்கு, டிராயிங் இரண்டையும் ஏன் சைட்டின் கம்பியிலேயே சொல்லித்தர வேண்டும் என்பதற்கு ஒரு சாதாரண பீம் ரிங் (பீமின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) போதும். பீம் 230 × 450 மிமீ. கவர் 25. ரிங் 8 மிமீ. கவர் இரண்டு பக்கமும் போக, ரிங்கின் வெளி அளவு 180 × 400.

சைட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கும் கணக்கு இது: சுற்றளவு 1160. கொக்கி இரண்டுக்கும் 10 டயா வீதம் 160. கூட்டினால் 1320. மூன்று 90 டிகிரி வளைவுக்கு 2 டயா வீதம் 48 கழி, இரண்டு 135 டிகிரி வளைவுக்கு 3 டயா வீதம் இன்னொரு 48 கழி. வெட்டு நீளம் 1224 மிமீ. தேர்வில் இப்படி எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

இப்போது 1224க்கு ஒரு துண்டை வெட்டி, விட்டம் கம்பி டயாவைப் போல் 4 மடங்கு உள்ள வளைக்கும் பின்னில் வளைத்து, கொக்கியின் நேர்ப்பகுதியை டேப்பால் அளந்து பாருங்கள். வளைவு முடிந்த இடத்திலிருந்து நுனி வரை சுமார் 34 மிமீதான் இருக்கும். காரணம், அந்தச் சூத்திரத்தில் கொக்கிக்கு என்று கூட்டிய 10 டயாவுக்குள்ளேயே வளைவும் அடங்கிவிடுகிறது. போதாததற்கு 3 டயாவையும் கழித்துவிடுகிறோம். 135 டிகிரி கொக்கிக்கு ஐஎஸ் 456 கேட்கும் நேர்ப்பகுதி 6 டயா, அதாவது 48 மிமீ. நிலநடுக்கத்துக்கான ஐஎஸ் 13920இன் 2016 பதிப்பு 6 டயாவும் வேண்டும், 65 மிமீக்குக் குறையவும் கூடாது என்கிறது. மனப்பாடச் சூத்திரம் இரண்டுக்குமே எட்டாது. 65 மிமீ நேராக நிற்க வேண்டுமானால் வெட்டு நீளம் 1287 வர வேண்டும். 80 மிமீ நிற்க வேண்டுமானால் 1317.

"அவ்வளவு கம்பி கூடப் போகுமே" என்று காண்ட்ராக்டர் கேட்பார். 12 மீட்டர் கம்பியில் 1224 வீதம் 9 ரிங் வரும், 984 மிமீ துண்டாக விழும். 1320 வீதம் வெட்டினாலும் 9 ரிங்தான், 120 மிமீ துண்டு விழும். ஒரு கம்பிக்கு ஒரு ரிங்கூடக் குறையவில்லை. கொக்கியில் சுருக்கியது மிச்சமாகவில்லை, கழிவுக் குவியலுக்குப் போயிருக்கிறது. இதை யார்டில் (சைட்டில் கம்பி வெட்டி வளைக்கும் இடத்தில்) ஒருமுறை வெட்டி, வளைத்து, அளந்து பார்த்தவர் வாழ்நாளில் மறக்க மாட்டார். கரும்பலகையில் மட்டும் பார்த்தவர் 1224 என்ற விடையை மறக்க மாட்டார்.

பழகுநருக்கு இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய கணக்குகள் நாலைந்துதான். எடைக்கு விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுப்பது: 8 மிமீக்கு மீட்டருக்கு 0.395 கிலோ, 12க்கு 0.889, 16க்கு 1.58, 20க்கு 2.47, 25க்கு 3.86, 32க்கு 6.32. எண்ணிக்கைக்கு நீளத்தை இடைவெளியால் வகுத்து ஒன்று கூட்டுவது; இந்த ஒன்றைக் கூட்ட மறப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. கிராங்க் கம்பிக்கு (45 டிகிரி சாய்வாக மேலே வளைத்த கம்பிக்கு) வளைத்த உயரத்தின் 0.42 பங்கு நீளம் கூடும் என்பது. மூலைமட்டம் (செங்கோணம்) பார்க்க 900, 1200, 1500 மிமீ பக்கங்கள் கொண்ட முக்கோணம். இவற்றுக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். கணக்கு வராது என்று பள்ளியை விட்டவர்களுக்கும் வரும். கையில் டேப்பும் எதிரில் கம்பியும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினால்

காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நடத்தும் கட்டுமானத் திறன் பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் கம்பி வேலைக்கென்றே தனிப் பயிற்சி உண்டு. சுமார் மூன்று மாதம் தங்கிப் படிக்க வேண்டும். இப்படிப்பட்ட நிலையங்கள் மேஸ்திரி தர முடியாத ஒன்றைத் தருகின்றன: அவசரமில்லாத சூழல். நாளைக்கு கான்கிரீட் என்ற நெருக்கடி இல்லாததால், தப்பாகக் கட்டியதைப் பிரித்து மறுபடி கட்டச் சொல்ல முடிகிறது. ஃபுட்டிங், காலம் (தூண்), பீம், ஸ்லாப், படிக்கட்டு என்று ஒவ்வொன்றையும் டிராயிங்கோடு செய்து பார்க்க முடிகிறது. சைட்டில் சேர்ந்தவருக்கு முதல் மூன்று மாதமும் ஸ்லாப் மேட் மட்டுமே கிடைக்கலாம்.

பாதுகாப்பில் நிலையங்கள் தெளிவாக முன்னே நிற்கின்றன. ஹெல்மெட், ஷூ, கையுறை, ஹார்னஸ் (உயரத்திலிருந்து விழாமல் பிடிக்கும் பட்டை) இவற்றோடுதான் முதல் நாள் தொடங்குகிறது. அணியாமல் நிற்பதே கூச்சமாகிவிடும் அளவுக்குப் பழக்கம் ஏறுகிறது. ஆனால் அந்தப் பழக்கம் சைட்டுக்கு வந்து இரண்டு வாரத்தில் கரைந்துவிடும், மற்றவர்கள் செருப்போடு சுற்றும் சைட்டாக இருந்தால். அனுப்புவதற்கு முன்பே சைட்டில் ஷூவும் ஹார்னஸ் மாட்ட இடமும் தயாராக இல்லையென்றால் மூன்று மாதமும் பாதி வீண்.

நிலையத்தின் குறைகளும் உண்மையானவை. அங்கே கட்டுவது மாதிரிக் கம்பிக் கூடுகள்; தரையில் நின்று கட்டலாம், சென்ட்ரிங் பலகை வழுக்காது, பக்கத்தில் எலெக்ட்ரீஷியன் பைப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். டிராயிங்கும் சுத்தமானது. திருத்தம் எத்தனையாவது என்று பார்த்துப் பழைய தாளைத் தூக்கிப் போடும் பழக்கம் அங்கே வருவதில்லை. சைட்டில் பெரிய சேதங்கள் பல பழைய தாளில் கட்டியதால் வருபவை. கைவேகமும் குறைவாகத்தான் இருக்கும். அதற்கு இன்னும் மூன்று மாதம் கொடுக்க வேண்டும். "நிலையத்தில் படித்தவன் மெதுவாக இருக்கிறான்" என்று முதல் வாரத்திலேயே ஓரங்கட்டுவது நியாயமில்லை.

அனுப்பும் முன் நிலையத்தாரிடம் இவற்றைக் கேளுங்கள். பழகுநர் தானே ஒரு டிராயிங்கிலிருந்து பிபிஎஸ் பட்டியல் (எந்தக் கம்பி, எத்தனை, என்ன நீளம், என்ன வடிவம் என்ற பட்டியல்) எழுதுகிறாரா, அல்லது எழுதிய பட்டியலைப் பார்த்து வெட்டுகிறாரா? ஹார்னஸ் மாட்டி உயரத்தில் கட்டும் பயிற்சி எத்தனை மணி நேரம்? வகுப்பு எந்த மொழியில்? கடைசிக் கேள்வி சாதாரணமானதல்ல. இன்று தமிழ்நாட்டுச் சைட்டுகளில் கம்பி கட்டுகிறவர்களில் ஒடிசா, பீகார், வங்கத்திலிருந்து வந்தவர்கள் ஏராளம். புரியாத மொழியில் சொன்ன பாதுகாப்பு விதி சொல்லாத விதிக்குச் சமம்.

உயிர் போகிற இடங்கள்

பாதுகாப்பை முதல் நாள் ஒரு மணி நேரப் பேச்சாக முடித்துவிடும் வழக்கம் எல்லா வழிகளிலும் உண்டு. கம்பி வேலைக்கு அது போதவே போதாது. இந்த வேலையின் ஆபத்துகள் அதற்கே உரியவை.

முதலாவது மின்கம்பி. ஊருக்குள் மாடி கட்டும்போது 12 மீட்டர் கம்பியைக் கீழிருந்து செங்குத்தாகக் கொடுத்து மேலே வாங்குவார்கள். தெருவில் ஓடும் மின்கம்பிக்கும் கட்டடத்துக்கும் விதிப்படி இடைவெளி விட்டிருந்தாலும், 11 கிலோவோல்ட் வரை பக்கவாட்டில் அது 1.2 மீட்டர்தான். கையிலிருந்து சாயும் 12 மீட்டர் கம்பிக்கு அந்த இடைவெளி ஒன்றுமே இல்லை. மேலே வாங்குகிறவர், கீழே பிடித்திருப்பவர் இருவருக்கும் ஒரே கதிதான். தெருப்பக்கமாகக் கம்பி ஏற்றக் கூடாது. கீழேயே வெட்டி வளைத்துத் துண்டாக ஏற்ற வேண்டும். வழியில்லையென்றால் மின்வாரியத்திடம் சொல்லி லைனை நிறுத்திய பிறகே ஏற்ற வேண்டும். பழகுநருக்கு இதைச் சொன்னால் மட்டும் போதாது. "லைன் நிற்கவில்லை, நான் தூக்க மாட்டேன்" என்று சொல்லும் உரிமையையும் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, நீட்டிக்கொண்டிருக்கும் காலம் கம்பிகள். கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் காளான் மூடி கீறலைத் தடுக்கும். மேலிருந்து ஒருவர் விழுந்தால் கம்பி அதைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும். ஆள் விழக்கூடிய இடத்துக்குக் கீழே இருப்பவற்றுக்கு உள்ளே இரும்புத் தகடு வைத்த மூடி வேண்டும், அல்லது கம்பி வரிசையின் தலையில் கனமான மரச்சட்டம் வைத்துக் கட்ட வேண்டும்.

மூன்றாவது, நிற்க வைத்த காலம் கூடு. 25 மிமீ கம்பி 12, ஒவ்வொன்றும் 4.5 மீட்டர் என்றால் கம்பி மட்டுமே 208 கிலோ. ரிங்கோடு கால் டன்னை நெருங்கும். அடியில் லேப் கட்டு மட்டும் தாங்கிவிடும் என்று நம்பி ரிங்கில் கால் வைத்து ஏறுகிறார்கள். நாலு பக்கமும் கயிறு கட்டி இழுத்தோ முட்டுக் கொடுத்தோ நிறுத்தாத கூட்டில் யாரும் ஏறக் கூடாது. கட்டுவதற்குச் சாரம் தனியாக வேண்டும்.

எடைக் கணக்கு இங்கேதான் உயிர் காக்கிறது. 32 மிமீ கம்பி ஒன்று 12 மீட்டருக்கு 76 கிலோ. இரண்டு பேர் தோளில் ஏற்றினால் மூன்றாவது நடையில் ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்வார். கிரேனில் இரண்டு கால் ஸ்லிங்கில் (தூக்கும் கயிற்றில்) ஒரு டன் கம்பிக்கட்டைத் தூக்கும்போது, ஸ்லிங் தரைமட்டத்தோடு 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொரு காலிலும் சுமார் 580 கிலோ விசை. அதே கட்டைக் குட்டை ஸ்லிங்கால் 30 டிகிரியில் விரித்துத் தூக்கினால் ஒவ்வொரு காலிலும் முழு ஒரு டன். எடையும் கோணமும் தெரியாதவருக்கு ஸ்லிங் ஏன் அறுந்தது என்பது புதிராகவே இருக்கும்.

கிரைண்டரில் கார்டை (பாதுகாப்பு மூடியை) கழற்றிவிட்டு வெட்டுவது, மெஷினில் கம்பி வளையும் பக்கம் கை வைப்பது, கட்டுக்கம்பி நுனி கண்ணில் குத்துவது ஆகியவற்றையெல்லாம் அந்தந்த வேலையைத் தொடங்கும் நேரத்தில் சொல்ல வேண்டும். மேஸ்திரி வழியில் இந்தப் பகுதிதான் மிகவும் பலவீனம். அவருக்கு ஆபத்து தெரியும். ஆனால் தான் தப்பித்த விதத்தையே பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

டிராயிங்கில் தப்பக் கூடாத ஒன்று

டிராயிங் படிப்பதில் நூறு நுணுக்கம் உண்டு. நேரம் குறைவு என்றால் முதலில் சொல்லித்தர வேண்டியது இது: எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம் முதன்மைக் கம்பி. சாதாரண ஸ்லாபுக்கு நடுவில் அடிப்பக்கம். பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் மேல்பக்கம். மண் தாங்கும் சுவருக்கு மண்ணை ஒட்டிய பக்கம். வெட்டுத் தோற்றத்தில் இது ஒரு கோடுதான். அதைத் தலைகீழாகப் படித்தால் பலகை பிரித்த அன்றே பால்கனி இறங்கிவிடும்.

சரியாகப் படித்துக் கட்டிய பிறகும் ஆபத்து தீர்வதில்லை. 150 மிமீ பால்கனியில் 10 மிமீ மேல் கம்பிக்கு 20 மிமீ கவர் என்றால், அடியிலிருந்து கம்பி மையத்துக்கு 125 மிமீ. கான்கிரீட் போடுகிறவர்கள் மிதித்து 50 மிமீ இறக்கிவிட்டால் மிச்சம் 75. தாங்கும் திறனில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் போய்விட்டது. அதனால் மேல் கம்பியைத் தாங்கி நிறுத்தும் சேர் எத்தனை உயரம் என்பது பழகுநர் தானே கணக்கிட வேண்டிய ஒன்று: 150இலிருந்து மேல் கவர் 20, மேல் கம்பி 10, அதன் கீழ்க் குறுக்குக் கம்பி 8, அடிக் கம்பி 8, அடிக் கவர் 20 கழித்தால் 84 மிமீ. மீட்டருக்கு ஒன்று வீதம் வைத்துக் கட்ட வேண்டும். துண்டுக் கம்பியைக் கண்மட்டமாக வளைத்துச் செருகும் சேர் பெரும்பாலும் 60, 70 மிமீயில்தான் நிற்கிறது.

இந்த ஒன்றைச் சொல்லித்தர மேஸ்திரியையோ நிலையத்தையோ மட்டும் நம்ப முடியாது. அந்த சைட்டின் டிராயிங்கை விரித்து, "இந்தப் பால்கனியில் மேல் கம்பி எது, காட்டு" என்று கேட்க சைட் இன்ஜினியர் வேண்டும்.

தொழிற்பழகுநராகப் பதிவு செய்தால்

தொழிற்பழகுநர் சட்டம் 1961ஆம் ஆண்டுடையது. 2019இல் திருத்திய விதிகளின்படி 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து எண்ணி, 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள நிறுவனம் விரும்பினால் எடுக்கலாம். விருப்பத் தொழில் என்ற பிரிவில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை பயிற்சிக் காலத்தை அமைத்துக்கொள்ள இடமுண்டு. 2019 விதியில் பத்தாம் வகுப்பு முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 6,000 ரூபாய். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் 25 சதவீதம், 1,500 ரூபாய் உச்சவரம்போடு, அரசு தருகிறது. ஒப்பந்தம் போடும் நாளில் நடப்புத் தொகையை அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் பெரிய பலம் காகிதம். என்ன சொல்லித்தரப் போகிறோம் என்று எழுதி ஒப்பந்தம் போட வேண்டியிருப்பதால், டிராயிங்கும் கணக்கும் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போகாமல் தேதியோடு நிற்கின்றன. பையனுக்கும் முடிவில் சான்றிதழ் கிடைக்கிறது. பலவீனம், பல இடங்களில் பழகுநரைக் குறைந்த கூலிக்குக் கிடைத்த ஹெல்பராகவே நடத்துவது. அப்படிச் செய்யப் போகிறவர் இந்த வழிக்கு வரவே வேண்டாம். ஹெல்பராக எடுத்து ஹெல்பர் கூலியைக் கொடுப்பது நேர்மை. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கட்டுமான வேலைக்கு 18 வயது நிரம்பாதவரை எந்தப் பெயரிலும் சேர்க்கக் கூடாது.

ஐடிஐ முடித்தவர்

ஐடிஐயில் ஃபிட்டர் இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். பட்டறைக் கணக்கும் டிராயிங்கும் அங்கே முறையாகச் சொல்லித்தரப்படுகின்றன. கருவிகளைக் கையாளும் ஒழுக்கமும் வரும். இரும்புச் சட்டக ஷெட், ஃபேப்ரிகேஷன் வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு இவர்களை எடுக்கலாம். கம்பி கட்டும் வேலைக்கு அந்தப் படிப்பு நேராகப் பொருந்தாது. கட்டவும் வளைக்கவும் புதிதாகத்தான் பழக வேண்டும், வெயிலில் குனிந்து கட்டும் வேலையில் அதிக நாள் நிற்கவும் மாட்டார்கள். ஒரே ஒருவரை எடுத்து யார்டில் பிபிஎஸ் எழுதவும், வெட்டுப் பட்டியல் பிரிக்கவும், கம்பிக் கணக்கு வைக்கவும் விடுங்கள். அந்த இடத்தில் அவர் பொன் போன்றவர்.

எதை எடுப்பது

இரண்டு மூன்று பேர்தான், வேலையும் ஒரே வீடு என்றால் மேஸ்திரி வழியே போதும், ஒரு நிபந்தனையோடு: வாரத்தில் மூன்று நாள் காலை முதல் அரை மணி நேரம் இன்ஜினியர் அவர்களோடு யார்டில் இருக்க வேண்டும். அன்று வெட்டப் போகும் கம்பியின் டிராயிங், அதன் எண்ணிக்கை, வெட்டு நீளம், எடை. பாடம் அவ்வளவுதான், மூன்று மாதத்தில் ஃபுட்டிங் முதல் படிக்கட்டு வரை எல்லாமே வந்துபோகும்.

எட்டுப் பத்துப் பேர், ஒரு வருடத்துக்கு மேல் வேலை இருக்கிறது என்றால் பயிற்சி நிலையமும் பழகுநர் பதிவும் சேர்ந்த வழியே எங்கள் தேர்வு. முதலில் நிலையம், பிறகு ஒப்பந்தத்தோடு சைட். பயிற்சி முடிந்ததும் வேறு இடத்துக்குப் போய்விடுவார்களே என்ற பயம் காண்ட்ராக்டர்களுக்கு உண்டு. சிலர் போவார்கள். போகாமல் நிற்பதற்கு எந்தப் பத்திரமும் உதவாது, கூலிதான் உதவும்.

எந்த வழியானாலும் மேஸ்திரியை விட்டுவிடக் கூடாது. முன்பே தொழில் தெரிந்தவர்களின் திறனைச் சோதித்துச் சான்று தரும் முன்கற்றல் அங்கீகாரத் திட்டம் இருக்கிறது. மேஸ்திரிக்கு டிராயிங் வந்துவிட்டால் அவருக்குக் கீழே வரும் ஒவ்வொரு பையனுக்கும் வரும். பழக்கும் மாதங்களில் அவரது டன் கணக்கு குறையும். டன்னுக்குக் கூலி வாங்குகிறவர் நஷ்டத்தில் யாருக்கும் சொல்லித்தர மாட்டார். பழகுநர் ஒருவருக்கு இவ்வளவு என்று மாதப் படியைத் தனியாகக் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது மாத முடிவில் மூன்று சோதனைகள் வையுங்கள். டிராயிங்கைக் கொடுத்து ஒரு பீமுக்கு எத்தனை ரிங், வெட்டு நீளம் என்ன என்று எழுதச் சொல்லுங்கள்; அவர் வளைத்த ரிங்கின் கொக்கி நேர்ப்பகுதியை டேப் வைத்து அளங்கள். இரண்டாவதாக, தூக்கப் போகும் கட்டின் எடையைத் தூக்கும் முன் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவதாக, பால்கனி மேட்டைக் காட்டி என்ன தப்பு என்று கேளுங்கள்; முன்கூட்டியே சேரைக் குறைத்து வைத்திருங்கள். தேறியவருக்கு அடுத்த மாதத்திலிருந்து அரை ஃபிட்டர் (ஹெல்பருக்கும் முழுக் கம்பி ஃபிட்டருக்கும் இடைப்பட்ட நிலை) கூலி என்று சேரும் நாளிலேயே சொல்லி, தொகையையும் தேதியையும் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். தேறாதவருக்கு இன்னும் ஒரு மாதம் கொடுத்து, அதே மூன்றையும் வேறு டிராயிங்கில் மறுபடி வையுங்கள்.